கழித்த பிறகா, பெருக்கிய பிறகா?

சதமடிக்கும் வெயில்

சித்திரை பிறந்துவிட்டால் தமிழ் நாளிதழ்களில் தவறாமல் வரும் செய்தி, வெயில் சதமடித்தது என்பது. இந்த ஊரில் 104, அந்த ஊரில் 106 என்று பாரன்ஹீட் கணக்கில் பட்டியல் வரும். அதே நாளின் வானிலை அறிக்கையைப் பார்த்தால் 40 என்றும் 41 என்றும் செல்சியஸில் இருக்கும். வெயில் ஒன்றுதான், அளவுகோல்தான் இரண்டு. பாரன்ஹீட்டிலிருந்து செல்சியஸுக்குப் போகப் பள்ளியில் ஒரு வழி சொல்லித் தந்தார்கள்: 32-ஐக் கழி, வந்ததை ஐந்தால் பெருக்கி ஒன்பதால் வகு. திரும்பி வர வேண்டுமானால் ஒன்பதால் பெருக்கி ஐந்தால் வகுத்துவிட்டு 32-ஐக் கூட்ட வேண்டும். போகும்போது முதலில் வந்த 32, திரும்பும்போது கடைசிக்குப் போய்விடுகிறது. ஏன் அப்படி? முதலில் பெருக்கி வகுத்துவிட்டு, அப்புறம் 32-ஐக் கழித்தால் என்ன குடி முழுகிவிடும்?

செய்து பார்த்தால் தெரியும். 104-ஐ ஐந்தால் பெருக்கி ஒன்பதால் வகுத்தால் 57.8. அதிலிருந்து 32 போனால் 25.8. தார்ச்சாலை இளகும் அனல், குளிர்சாதன அறையின் அளவுக்கு இறங்கிவிடுகிறது. எண்கள் அவைதாம், செயல்களும் அவைதாம். வரிசை மட்டும்தான் மாறியது.

பதினோராம் வகுப்புக் கணிதத்தில் வரைபடங்களின் உருமாற்றம் என்று ஒரு பகுதி வருகிறது. ஏற்கெனவே வரைந்த ஒரு வளைகோட்டை நகர்த்தியோ நீட்டியோ புரட்டியோ புதிய வளைகோட்டைப் பெறுவதற்கு உருமாற்றம் என்று பெயர். நகர்த்தல் என்றால் முழுக் கோட்டையும் ஒரே அளவு தள்ளி வைப்பது. நீட்டல் என்றால் ஒவ்வொரு புள்ளியும் அச்சின் பூஜ்யத்திலிருந்து இருக்கும் தூரத்தை ஒரே விகிதத்தில் பெருக்குவது. விகிதம் ஒன்றுக்குக் குறைவானால் அது சுருக்கல். புரட்டல் என்றால் பூஜ்யத்துக்கு அந்தப் பக்கம் கண்ணாடிப் பிம்பம்போல மாற்றி வைப்பது. இவை தனித்தனியாக வந்தால் மாணவர்களுக்குச் சிரமம் இல்லை. இரண்டு சேர்ந்து வரும்போதுதான் எதை முதலில் செய்வது என்ற குழப்பம் வருகிறது. 32-ஐ எப்போது கழிப்பது என்ற கேள்வியும் இந்தக் குழப்பமும் ஒன்றேதான். வரிசை பிசகினால் வளைகோட்டின் வடிவம் கெடுவதில்லை, அது உட்கார வேண்டிய இடம்தான் மாறிப்போகிறது. இந்தப் பிழை கண்ணில் படாமல் தப்பிப்பதற்குக் காரணமும் அதுவே. இந்த அத்தியாயம் காட்ட விரும்புவது இதைத்தான்.

குன்றின் அடிவாரத்தில் ஒரு கருவி

காரைக்குடியிலிருந்து மேற்கே ஏறக்குறைய 10 கிலோமீட்டரில், பிள்ளையார்பட்டிக்குச் செல்லும் வழியில் இருக்கிறது குன்றக்குடி. சண்முகநாதர் கோயில் கொண்டிருக்கும் சிறு குன்றுக்கு மயூரகிரி என்று பெயர். அந்தக் குன்றின் அடிவாரத்தில், மே மாதத்தில் ஒருநாள், தானாகவே வெப்பத்தைக் குறித்துக்கொள்ளும் கருவி ஒன்றை வைக்கிறோம் என்று கொள்வோம். கருவியும் அதன் எண்களும் நாம் எடுத்துக்கொண்டவை. ஆனால் இத்தகைய கருவிகள் வேலை செய்யும் விதம் இதுதான்.

கருவி அரை மணிக்கு ஒருமுறை வெப்பத்தைப் பதிகிறது. பதிவுகளுக்கு 0, 1, 2, 3 என்று எண் போடுகிறது. வெப்பத்தைப் பாரன்ஹீட்டில் எழுதுகிறது. பதிவைத் தொடங்குவது நம் ஊர் நள்ளிரவில் அல்ல, உலகப் பொது நேரத்தின் நள்ளிரவில். உலகப் பொது நேரம் என்பது வானிலைத் துறைகளும் விமானப் போக்குவரத்தும் உலகம் முழுவதற்கும் பொதுவாக வைத்திருக்கும் கடிகாரம். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால் ஓடுகிறது. மழைச் செய்திகளில் ‘காலை 8.30 மணி வரையிலான 24 மணி நேரத்தில்’ என்று வருவதற்கும் இதுதான் காரணம். உலகப் பொது நேரம் அதிகாலை 3 மணிக்கு எடுக்கும் பதிவு நமக்குக் காலை எட்டரை ஆகிறது. ஆகவே நம் கருவியின் பூஜ்யமாவது பதிவு, குன்றக்குடியில் காலை 5.30 மணிக்கு விழுகிறது.

கருவி தந்த எண்களை வரைபடத்தாளில் குறித்தால், கிடை அச்சில் பதிவு எண்ணும் குத்து அச்சில் பாரன்ஹீட் அளவும் இருக்கும். பூஜ்யமாவது பதிவில், அதாவது விடியற்காலையில், வெப்பம் 78.8. அங்கிருந்து ஏறி, 18-ஆம் பதிவில் 102.2 என்ற உச்சத்தைத் தொட்டு, பிறகு மெல்ல இறங்குகிறது. ஆனால் இந்தப் படத்தைப் பார்க்கும் குன்றக்குடிக்காரருக்கு 18-ஆம் பதிவு என்றால் ஒன்றும் புரியாது. அவருக்கு வேண்டியது, கிடை அச்சில் கடிகார நேரமும் குத்து அச்சில் செல்சியஸும். எண்களை எல்லாம் மறுபடி குறிக்காமல், வரைந்த கோட்டையே நகர்த்தி நீட்டிப் புதிய படத்தை உண்டாக்க வேண்டும். நான்கு வேலைகள் இருக்கின்றன: குத்துத் திசையில் ஒரு நகர்த்தல், ஒரு சுருக்கல், கிடைத் திசையில் ஒரு நகர்த்தல், ஒரு சுருக்கல்.

குத்துத் திசையில்

குத்துத் திசையை முதலில் பார்ப்போம். உச்சம் 102.2. அதில் 32 போனால் 70.2. ஐந்தால் பெருக்கி ஒன்பதால் வகுத்தால் 39. விடியற்கால 78.8-ல் 32 போனால் 46.8, அதே விகிதத்தில் சுருக்கினால் 26. விடியலில் 26, உச்சியில் 39. செட்டிநாட்டுக் கோடைக்குப் பொருத்தமான எண்கள். இப்போது வரிசையை மாற்றுவோம். முதலில் சுருக்கினால் 102.2 என்பது 56.8 ஆகிறது, 78.8 என்பது 43.8 ஆகிறது. பிறகு இரண்டிலும் 32 கழித்தால் 24.8, 11.8. குன்றக்குடி திடீரென்று கொடைக்கானல் ஆகிவிட்டது.

இந்த இடத்தில் சற்று நின்று பார்க்க வேண்டும். சரியான கணக்கில் விடியலுக்கும் உச்சத்துக்கும் இடையே 13 டிகிரி ஏற்றம். தவறான கணக்கிலும் 24.8-க்கும் 11.8-க்கும் இடையே அதே 13 டிகிரிதான். இரண்டு வளைகோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் ஒரு மயிரிழை பிசகாமல் பொருந்தும். தவறானது சரியானதைவிட 14.2 டிகிரி கீழே இருக்கிறது, அவ்வளவுதான். எந்தப் புள்ளியை எடுத்தாலும் அதே 14.2. தொடக்கத்தில் பார்த்த 104-லும் 40-க்குப் பதில் 25.8 வந்தது, வித்தியாசம் 14.2-தான்.

காரணம் எளிது. முதலில் 32 நகர்த்திவிட்டுப் பிறகு சுருக்கும்போது, அந்த 32-ம் சேர்ந்து சுருங்குகிறது. ஒன்பதில் ஐந்து பங்காக, 17.8 ஆகிவிடுகிறது. முதலில் சுருக்கிவிட்டு 32 நகர்த்தினால், நகர்வு சுருங்காமல் முழு 32 ஆகவே நிற்கிறது. 32-க்கும் 17.8-க்கும் உள்ள இடைவெளிதான் அந்த 14.2. நீட்டிய அளவு எந்த வரிசையிலும் மாறுவதில்லை. நகர்த்திய அளவுதான், தனக்குப் பின்னால் வரும் நீட்டலில் மாட்டிக்கொள்கிறது அல்லது தப்பிக்கிறது. வரிசை பற்றிய எல்லாச் சிக்கல்களும் இந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கும்.

பெருக்குவதற்கு முன் 32-ஐக் கழிப்பதன் பொருளும் இங்கே தெளிவாகிறது. நீட்டலும் சுருக்கலும் பூஜ்யத்திலிருந்து அளக்கப்படுபவை. தண்ணீர் உறையும் இடத்தைச் செல்சியஸ் பூஜ்யம் என்கிறது, பாரன்ஹீட் 32 என்கிறது. சுருக்குவதற்கு முன் இரண்டு அளவுகோல்களின் பூஜ்யங்களும் ஓரிடத்துக்கு வர வேண்டும். 32-ஐக் கழிப்பது அந்த வேலையைத்தான் செய்கிறது. பூஜ்யம் பொருந்திய பிறகு விகிதம் மட்டுமே பாக்கி.

கிடைத் திசையில்

இனி நேரத்துக்கு வருவோம். 18-ஆம் பதிவு எத்தனை மணிக்கு விழுந்தது? பதிவுகள் அரை மணிக்கு ஒன்று என்பதால் 18-ஐப் பாதியாக்கினால் 9 மணி நேரம். அது உலகப் பொது நேரத்தின் 9 மணி. அதோடு ஐந்தரையைக் கூட்டினால் 14.5, அதாவது பிற்பகல் 2.30. வெயில் உச்சத்துக்கு வரும் நேரம்தான் அது. வளைகோட்டின் கணக்கில் சொன்னால், முதலில் கிடைத் திசையில் பாதியாகச் சுருக்கி, பிறகு வலப்பக்கம் ஐந்தரை நகர்த்தினோம்.

வேறு வரிசையிலும் இதே இடத்துக்கு வரலாம். ஐந்தரை மணி நேரம் என்பது 11 பதிவுகள். 18-ஓடு முதலில் 11-ஐக் கூட்டினால் 29. அதைப் பாதியாக்கினால் 14.5. முதலில் நகர்த்தினால் 11, பிறகு நகர்த்தினால் ஐந்தரை. நகர்த்தல் முந்திக்கொண்டால் அதுவும் பாதியாகப் போகிறது என்பதால், அதற்கு இரட்டிப்பாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

தவறு நேர்வது இரண்டையும் கலக்கும்போதுதான். பாதியாக்கிவிட்டுப் பிறகு 11 நகர்த்தினால் 20 வருகிறது. குன்றக்குடியில் உச்ச வெயில் இரவு 8 மணிக்கு அடிக்கும். ஐந்தரையை முதலில் கூட்டிவிட்டுப் பாதியாக்கினால் 11.75, முற்பகல் 11.45-க்கே உச்சம் வந்துவிடும். முதல் தவறு அபத்தம் என்று யாருக்கும் தெரியும். இரண்டாவது தவறுதான் ஆபத்தானது. நண்பகல் பன்னிரண்டை ஒட்டி வெயில் உச்சத்தில் இருந்தது என்றால் பலரும் தலையாட்டிவிடுவார்கள். அதே படத்தில் பூஜ்யமாவது பதிவு எங்கே விழுந்திருக்கிறது என்று பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். காலை 5.30-க்கு இருக்க வேண்டியது, 2.45-க்கு விழுந்திருக்கும்.

சூத்திரம் ஏன் தலைகீழாகத் தெரிகிறது?

பாடநூல் இதே கணக்கை வேறு மாதிரி கேட்கும். கடிகார நேரம் தெரியும், அந்த நேரத்தின் வெப்பத்தை அறியக் கருவியின் எந்தப் பதிவைப் பார்க்க வேண்டும்? பிற்பகல் 2.30 என்றால் 14.5. அதை இரண்டால் பெருக்கினால் 29, 11 கழித்தால் 18. ஆகவே சூத்திரம், ‘நேரத்தை இரண்டால் பெருக்கு, 11 கழி’ என்று எழுதப்படும். இதைப் பார்க்கும் மாணவர், இரண்டால் பெருக்கு என்றிருப்பதால் படத்தை இரண்டு மடங்கு அகலமாக்குகிறார். 11 கழி என்றிருப்பதால் இடப்பக்கம் நகர்த்துகிறார். பெருக்கு முதலில் இருப்பதால் நீட்டலை முதலில் செய்கிறார். மூன்றுமே தவறு. படம் பாதியாகச் சுருங்க வேண்டும், வலப்பக்கம் போக வேண்டும், 11 என்ற எண்ணை வைத்துக்கொள்வதானால் நகர்த்தலை முதலில் செய்ய வேண்டும். கழித்தல் குறி இருந்தால் படம் ஏன் வலப்பக்கம் போகிறது என்று தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் கேட்டுவருகிறார்கள். கிடைத் திசையில் எல்லாம் தலைகீழ், மனப்பாடம் செய்துகொள் என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் பதில்.

இதில் தலைகீழ் எதுவும் இல்லை. சூத்திரம் போகும் திசையும் படம் போகும் திசையும் வேறு என்பதுதான் விஷயம். சூத்திரம் புதிய அச்சில் நின்றுகொண்டு பழைய அச்சைத் தேடிப் போகிறது: கடிகார நேரத்திலிருந்து பதிவு எண்ணுக்கு. படமோ பழைய அச்சிலிருந்து புதிய அச்சுக்கு வருகிறது: பதிவு எண்ணிலிருந்து கடிகார நேரத்துக்கு. செட்டிநாட்டு வீட்டுக்குள் போகிறவர் முகப்பைக் கடந்து, வளவைக் கடந்து, இரண்டாம் கட்டுக்குப் போகிறார். திரும்பும்போது வளவுதான் முதலில் வரும், முகப்பு கடைசியில் வரும். போன வழியே திரும்புகிறவருக்கு வரிசையும் திரும்பும், ஒவ்வோர் அடியின் திசையும் திரும்பும். ‘இரண்டால் பெருக்கு, 11 கழி’ என்பதைத் திரும்ப நடந்தால், ‘11 கூட்டு, இரண்டால் வகு’ என்று வருகிறது. படத்துக்கு நாம் செய்தது சரியாக இதுதான்.

குத்துத் திசையில் இந்தக் குழப்பம் வராததற்கும் விளக்கம் கிடைக்கிறது. அங்கே சூத்திரம் பழைய அளவிலிருந்து புதிய அளவுக்கு, பாரன்ஹீட்டிலிருந்து செல்சியஸுக்கு, நேராகப் போகிறது. படமும் அதே திசையில் போகிறது. ஆகவே எழுதியிருக்கும் வரிசையே செய்யும் வரிசை. கிடைத் திசைக்கு ஒரு சட்டம், குத்துத் திசைக்கு ஒரு சட்டம் என்று இரண்டு கிடையாது. பழைய புள்ளி எங்கே போய் விழுகிறது என்ற ஒரே கேள்விதான் இரண்டிலும்.

புரட்டினால் என்ன ஆகும்?

குன்றக்குடி மலையை ஒரு பக்கமிருந்து பார்த்து அதன் விளிம்பை வரைந்துகொண்டு, நேர் எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தால், வலச் சரிவு இடத்திலும் இடச் சரிவு வலத்திலும் இருக்கும். கோட்டைப் புரட்டினால் எதிர்ப்பக்கத் தோற்றம் கிடைக்கும். புரட்டலைத் தனி வகையாக நினைக்க வேண்டியதில்லை, எதிர்க்குறி கொண்ட எண்ணால் நீட்டுவதுதான் அது. ஆகவே நகர்த்தலோடு சேரும்போது அதே வம்பை இதுவும் செய்யும், சற்றுக் கூடுதலாகவே செய்யும்.

செல்சியஸ் அளவுகோலின் வரலாற்றிலேயே இதற்கு எடுத்துக்காட்டு இருக்கிறது. சுவீடன் நாட்டு வானியலாளர் ஆண்டர்ஸ் செல்சியஸ் 1742-இல் தம் அளவுகோலை முன்வைத்தபோது, தண்ணீர் கொதிக்கும் இடத்துக்குப் பூஜ்யமும் உறையும் இடத்துக்கு 100-ம் கொடுத்திருந்தார். இன்று நாம் பயன்படுத்துவதன் நேர் தலைகீழ். 1744-இல் அவர் மறைந்த பிறகு அது திருப்பப்பட்டது. நம் குன்றக்குடி வளைகோட்டை அவருடைய முதல் அளவுகோலில் வரைய வேண்டுமானால், முதலில் குறியை மாற்றிப் புரட்டி, பிறகு 100 மேலே நகர்த்த வேண்டும். உச்சத்தின் 39, புரட்டினால் கழித்தல் 39, நகர்த்தினால் 61. விடியலின் 26 அப்படியே 74 ஆகும். வெயில் ஏற ஏறக் கோடு கீழே இறங்கும். வரிசையை மாற்றி, முதலில் 100 கூட்டிப் பிறகு புரட்டினால், 39 என்பது 139 ஆகி, கழித்தல் 139 ஆகிவிடும். சரியான விடைக்கும் இதற்கும் இடைவெளி 200, நகர்வின் இரு மடங்கு. மேலே போக வேண்டிய 100 கீழே போய்விட்டது. நீட்டலில் மாட்டிய நகர்வு அளவு மாறும் என்றால், புரட்டலில் மாட்டிய நகர்வு திசையே மாறிவிடும்.

கண் ஏமாறும் இடம்

வெப்பநிலை எல்லாருக்கும் பழகியது. கழித்தல் 139 என்றதும், இரவு எட்டு மணி வெயில் என்றதும் சிரித்துவிடுவோம். பழக்கமில்லாத அளவுகளில் அந்தச் சிரிப்பு வராது. அதற்கான எடுத்துக்காட்டைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம், குன்றக்குடியிலிருந்து காரைக்குடிக்குப் போனால் போதும். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து உருவாகச் செய்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அங்கே இருக்கிறது. 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று அது திறக்கப்பட்டது. மின்கலங்கள், உலோகப் பூச்சு, துருப்பிடித்தல் போன்றவை அதன் ஆய்வுத் துறைகள். 

மின்வேதியியலில் நாள்தோறும் வரையும் படங்களில் ஓர் அச்சு மின்னழுத்தம். மின்னழுத்தத்துக்குத் தன்னளவில் பூஜ்யம் கிடையாது. ஏதாவது ஒரு மின்வாயைப் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு மற்றவற்றை அதிலிருந்து அளக்க வேண்டும். உலகம் ஒப்புக்கொண்ட பூஜ்யம் ஹைட்ரஜன் மின்வாய். அதில் துத்தநாகம் கழித்தல் 0.76 வோல்ட், செம்பு கூட்டல் 0.34 வோல்ட். ஆனால் ஹைட்ரஜன் வாயுவைக் குமிழ்விட்டுக்கொண்டு வேலை செய்வது தொல்லை என்பதால், கலோமல் மின்வாயைக் கொண்டு அளக்கும் பழக்கம் ஆய்வகங்களில் நெடுங்காலம் இருந்துவருகிறது. அது ஹைட்ரஜனைவிடச் சுமார் 0.24 வோல்ட் மேலே இருக்கிறது. ஆகவே ஒரு நகர்த்தல் தேவைப்படுகிறது. அதோடு, பழைய அமெரிக்க நூல்கள் இதே அளவுகளை எதிர்க்குறியோடு அச்சிட்டன. எந்தக் குறியைக் கொள்வது என்ற வழக்குக்கு 1953-இல் ஸ்டாக்ஹோமில் கூடிய பன்னாட்டு வேதியியல் ஒன்றியம் ஒரு பொது முறையைப் பரிந்துரைத்தது. பழைய முறையில் அச்சான படத்தோடு ஒப்பிட வேண்டுமானால் ஒரு புரட்டலும் தேவைப்படுகிறது.

ஹைட்ரஜன் கணக்கில் இருக்கும் அளவுகளைக் கலோமல் கணக்குக்கு மாற்றிப் பிறகு புரட்டுவோம். துத்தநாகம் கழித்தல் 0.76-லிருந்து கழித்தல் 1.00-க்குப் போய், புரட்டியதும் கூட்டல் 1.00 ஆகிறது. செம்பு 0.34-லிருந்து 0.10-க்கு வந்து, புரட்டியதும் கழித்தல் 0.10 ஆகிறது. இரண்டுக்கும் இடைவெளி 1.10 வோல்ட். துத்தநாகமும் செம்பும் கொண்ட டேனியல் மின்கலம் தரும் மின்னழுத்தம் அதுதான். இப்போது வரிசையை மாற்றி, முதலில் புரட்டிப் பிறகு 0.24 கழித்தால், துத்தநாகம் கூட்டல் 0.52, செம்பு கழித்தல் 0.58. இடைவெளி அப்போதும் 1.10. மின்கலத்தின் மின்னழுத்தத்தை வைத்துச் சரிபார்க்கிறவர், கணக்கு சரி என்று கையெழுத்துப் போட்டுவிடுவார். 0.52 என்பது வேதியியல் படிக்காத எவருக்கும் உறுத்தாது. ஒவ்வோர் அளவும் 0.48 வோல்ட் இடம் பெயர்ந்திருக்கிறது என்பதைப் படத்தின் வடிவமோ புள்ளிகளுக்கு இடையிலான தூரமோ ஒருபோதும் சொல்லாது.

சொல்லக்கூடியது ஒன்றே ஒன்று. கலோமல் மின்வாயையே இந்தக் கணக்குக்குள் அனுப்பிப் பார்க்க வேண்டும். கலோமலை அடிப்படையாகக் கொண்ட அளவில் அது பூஜ்யமாகத்தான் இருக்க முடியும். சரியான வரிசையில் 0.24 பூஜ்யமாகிறது, புரட்டினாலும் பூஜ்யமே. தவறான வரிசையில் அது கழித்தல் 0.48 என்று வந்து நிற்கிறது. விடை முன்கூட்டியே தெரிந்த ஒரு புள்ளி, பிழையை ஒரே நொடியில் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

இரண்டு வரிசையும் சரியாகலாமே?

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். கிடைத் திசையில் முதலில் நகர்த்தியும் சரியான விடை வந்தது, பிறகு நகர்த்தியும் வந்தது. அப்படியிருக்க, சரியான வரிசை என்று ஒன்றை வலியுறுத்துவது ஏன்? மறுப்பில் உண்மை இருக்கிறது. பாரன்ஹீட்டிலும் முதலில் சுருக்கிவிட்டுப் பிறகு கழிக்கலாம், 32-க்குப் பதிலாக 17.8-ஐக் கழித்தால் போதும். 104 என்பது 57.8 ஆகி, 40-க்கு வந்து சேரும். எந்த வரிசையும் விலக்கப்பட்டதல்ல. ஆனால் ஒவ்வொரு வரிசைக்கும் உரிய நகர்வின் அளவு வேறு. ஒரு வரிசையின் எண்ணை எடுத்து இன்னொரு வரிசையில் போடுவதுதான் பிழை. 32-ஐ முதலில் கழிக்கச் சொல்வதற்குக் காரணம், 32 என்பது உறைநிலையைக் குறிக்கும் முழு எண், நினைவில் நிற்கும் என்பதுதான்.

வரிசையைப் பற்றிக் கவலைப்படாமல் இருக்கவும் ஒரு வழி உண்டு. கழித்தல் 40 என்ற குளிரில் பாரன்ஹீட்டும் செல்சியஸும் ஒரே எண்ணைக் காட்டும். அந்த இடத்தைப் பூஜ்யமாக வைத்துக்கொண்டால் போகவும் வரவும் ஒரே முறைதான்: 40 கூட்டு, விகிதத்தால் மாற்று, 40 கழி. 104-ல் 40 கூட்டினால் 144, ஐந்தால் பெருக்கி ஒன்பதால் வகுத்தால் 80, அதில் 40 கழித்தால் 40. உருமாற்றத்தில் அசையாமல் நிற்கும் புள்ளி எது என்று கண்டுகொண்டால், நீட்டலை அங்கிருந்தே அளக்கலாம்.

இன்னொரு மறுப்பு, இதையெல்லாம் கணினி செய்துவிடாதா என்பது. கணினி செய்யும், சொன்ன வரிசையில் செய்யும். கணினி வரைகலையில் ஓர் உருவத்தைக் காட்சிக்குள் வைக்கும்போது முதலில் அளவை மாற்றி, பிறகு சுழற்றி, கடைசியில் நகர்த்துவது வழக்கமான வரிசை. அளவு மாற்றமும் சுழற்சியும் பூஜ்யப் புள்ளியைச் சுற்றி நடப்பவை என்பதால், நகர்த்திய உருவத்தைப் பிறகு சுழற்றினால் அது நின்ற இடத்தில் திரும்பாமல் காட்சியையே வலம் வரத் தொடங்கிவிடும். மென்பொருள் எழுதுபவரும் வரிசையை அறிந்தே எழுத வேண்டியிருக்கிறது.

எப்போது கவலை வேண்டாம்

எல்லா இடத்திலும் வரிசைக்காக அஞ்ச வேண்டியதில்லை. குன்றக்குடி வளைகோட்டில் குத்துத் திசை வேலைகளை முதலில் செய்தாலும், கிடைத் திசை வேலைகளை முதலில் செய்தாலும், இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்தாலும், முடிவில் உச்சம் 2.30 மணியில் 39 டிகிரியில்தான் உட்காரும். வெப்பத்தின் அளவுகோலை மாற்றுவது கடிகாரத்தைத் தொடுவதில்லை. அதுபோல, ஒரே திசையில் இரண்டு நகர்த்தல்கள் வந்தால் எதை முன்னால் செய்தாலும் கூட்டுத்தொகை ஒன்றே. இரண்டு நீட்டல்கள் வந்தாலும் பெருக்குத்தொகை ஒன்றே. சண்டை வருவது ஓரிடத்தில் மட்டும்: ஒரே திசையில் ஒரு நகர்த்தலும், ஒரு நீட்டலோ புரட்டலோ சேர்ந்து வரும்போது. நான்கைந்து வேலைகள் கொண்ட கணக்கைப் பார்த்து மலைக்கும் மாணவர், முதலில் அவற்றைத் திசைவாரியாகப் பிரித்துவிட்டால் கவனிக்க வேண்டியது மிகக் கொஞ்சமே மிஞ்சும்.

ஒரு புள்ளியைக் கொண்டுபோய்ப் பாருங்கள்

பாடநூல்களும் பயிற்சிக் கையேடுகளும் இதற்கு வரிசைப் பட்டியல்கள் தருகின்றன: சூத்திரத்தின் அடைப்புக்குறிக்கு உள்ளே இருந்தால் நகர்த்தல் முதலில், வெளியே இருந்தால் நீட்டல் முதலில் என்பதுபோல. அவை பொய் அல்ல. ஆனால் சூத்திரம் எழுதப்பட்ட பாணி சற்று மாறினாலும் பட்டியல் கைவிட்டுவிடும். ‘இரண்டால் பெருக்கு, 11 கழி’ என்பதையே ‘ஐந்தரை கழி, இரண்டால் பெருக்கு’ என்று எழுதிவிட்டால் உள்ளே இருந்தும் சுருக்கல் முதலில் வந்துவிடும். பட்டியலை நம்பியவர் தவறு செய்வார், பாணி மாறியதைக் கவனிக்கக்கூட மாட்டார்.

அதைவிட உறுதியான வழி, பழைய படத்தில் ஒரு புள்ளியைத் தேர்ந்து, அது புதிய படத்தில் எங்கே விழ வேண்டும் என்று பொது அறிவாலோ நேரடிக் கணக்காலோ முதலில் முடிவு செய்துகொண்டு, பிறகு உருமாற்றங்களைத் தொடங்குவது. நீட்டல் விகிதம் சரி என்பதில் ஐயமில்லை என்றால் ஒரு புள்ளி போதும், ஏனெனில் வரிசைப் பிழை எல்லாப் புள்ளிகளையும் ஒரே அளவில்தான் தள்ளும். விகிதத்திலும் ஐயம் இருந்தால் இரண்டு புள்ளிகள் வேண்டும். மூன்றாவது தேவைப்படாது. உருமாற்றம் கற்பிக்கும் ஆசிரியர்கள், வரிசைச் சட்டத்தைக் கரும்பலகையில் எழுதும் முன், ஒவ்வொரு மாணவரையும் ஒரு புள்ளியைக் கையால் எடுத்துச் சென்று புதிய அச்சில் வைக்கச் சொல்ல வேண்டும். அதைச் செய்த மாணவர் வரிசைச் சட்டத்தைத் தாமே கண்டுபிடித்துவிடுவார்.